க்ளோசெட்டுக்குள் ஒரு குடில் மலை

போன வாரம் எங்கள் வீட்டுப் புது வெஸ்டர்ன் க்ளோசெட்டைச் சுத்தியலால் அடித்து உடைத்தோம். வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கம்பெனி ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

எதற்கு உடைத்தீர்கள் என்று கேட்கிறீர்களா?

பண்டிகைக் காலத்தில் பைப் அடைக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் டிப்ஸ் அனுப்புகிறார்கள். தலைமுடி போடாதே, பொரித்த எண்ணெயை ஊற்றாதே, மட்டன் கொழுப்பை சிங்க்கில் கொட்டாதே... எல்லாம் சரிதான். மலையை ஊற்றாதே என்று யாராவது ஒருவர் சொன்னார்களா? சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் வீட்டுக்காரர் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

முதலில் அந்த பாத்ரூம் வந்த கதை. வீட்டுக்காரரின் ஒரே தங்கை ஜெசிந்தா மஸ்கட்டில் இருக்கிறாள். போன தடவை லீவில் வந்தபோது நாகர்கோவிலில் ஓட்டலில் ரூம் போட்டுத் தங்கினாள். எங்கள் வீட்டில் இருந்தது பழைய டாய்லெட். மஸ்கட்டிலேயே பிறந்து வளர்ந்த அவள் பிள்ளைகளுக்குக் குத்தவைத்து உட்காரத் தெரியவில்லை. அவள் மேல் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அண்ணன்காரருக்கு மனசு ஆறவில்லை. சொந்த வீடு இருக்க, கூடப்பிறந்தவள் ஓட்டலில் தங்கினாளாமே என்று கோயில் வாசலில் நாலு பேர் அக்கறையாக விசாரித்தார்கள். நம் ஊரில் அக்கறைக்கு என்ன பஞ்சம்?

அதனால் இந்தக் கிறிஸ்மஸுக்குள் புது பாத்ரூம் கட்டியே தீர்வது என்று இறங்கிவிட்டார். டைல்ஸ் ஒட்டினால் ஒரு போட்டோ, குழாய் மாட்டினால் ஒரு போட்டோ. எல்லாம் உனக்காகத்தான் என்று தினமும் மஸ்கட்டுக்கு அனுப்பினார். அவளும் பதிலுக்கு இதயமாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இதுவரை நன்றாகத்தான் போனது. அடுத்து டிசம்பர் வந்தது.

எங்கள் பக்கத்தில் டிசம்பர் பிறந்தால் ஆண்கள் எல்லோரும் திடீர் இன்ஜினியர்கள். குழந்தை இயேசுவுக்குக் குடில் கட்ட வேண்டும், குடிலுக்கு மலை வேண்டும், பங்குக் கோயிலில் குடில் போட்டி வேறு. சிமென்ட்டைத் தண்ணியாகக் கரைத்து, அதில் பழைய சாக்கை முக்கி, கம்புகளின் மேல் விரித்துக் காயவிட்டால் மலை ரெடி. என்னவர் கட்டிய மலை நிஜமாகவே அருமை. ஹாலில் பாதியை அதுவே பிடித்துக்கொண்டது.

பக்கெட்டில் மிச்சம் கிடந்த சிமென்ட் பாலை என்ன செய்வது? முற்றத்தில் ஊற்றினால் தரை கெட்டுப்போகும். தரை மேல் அவ்வளவு பாசம்... புது க்ளோசெட்டில் ஊற்றி, ஃப்ளஷை அமுக்கினார். நான் கேட்டதற்கு, "வெள்ளந்தானே, தண்ணி கணக்கா இருக்கு, அது பாட்டுக்குப் போயிரும்" என்றார்.

போகத்தான் செய்தது. பைப் வளைவு வரைக்கும் போய், அங்கேயே குடியேறிவிட்டது.

மறுநாள் ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் விளிம்பு வரை ஏறி நின்றது. ரப்பர் பம்ப்பால் குத்தினார். யூடியூபைப் பார்த்து சோடா உப்பும் வினிகரும் ஊற்றினார். பொங்கி வந்ததே தவிர, அசையவில்லை. சிமென்ட் விளம்பரத்தில் உறுதி, உறுதி என்று கத்துவது பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிளம்பர் சேவியருக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். கிறிஸ்மஸ் நேரத்தில் பிளம்பரைப் பிடிப்பதற்குப் பதில் மந்திரியைப் பிடித்துவிடலாம். அன்று மத்தியானம் டிரம்ஸ் அடித்துக்கொண்டு கேரல் கோஷ்டி வந்தது. முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா ஆடிக்கொண்டே வந்து, "டீச்சர், சுகந்தானா?" என்று என்னைக் கேட்டார். சேவியரின் குரல்! விடுவோமா? சிவப்பு அங்கியோடு அப்படியே பாத்ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வெளியே டிரம்ஸ் நிற்கவில்லை. தாத்தா முகமூடியைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"சாரே, இது அடைப்பில்ல, வார்ப்பாக்கும். உடைச்சு மாத்தணும். புதுவருசம் கழியட்டு, வாறேன்."

பிறகு எனக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்துவிட்டு ஆடப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் ஜெசிந்தாவும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். என்னவர் என்ன செய்திருக்க வேண்டும்? நடந்ததைச் சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். அவர் புது பாத்ரூமைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெயின்ட் காயவில்லை என்று சொல்லிவிட்டார். கிறிஸ்மஸ் அன்றைக்கும் பெயின்ட் காயவில்லை. பெயின்ட் வாசனை மட்டும் எங்கேயும் இல்லை.

கிறிஸ்மஸ் மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் ஜெசிந்தா அடுக்களைக்கு வந்தாள். கையில் போன். அதில் ஏதோ ஓட்டலின் படம். முகம் சரியில்லை.

"மைனி, எனக்குன்னு செல்லி அண்ணன் போட்டோ எல்லாம் அனுப்பிச்சு. இப்பம் பூட்டிப் போட்டிருக்கு. பிள்ளைக அத அழுக்காக்கிரும்னு பயமா இருந்தா நேர செல்லலாம்லா? நாங்க பழையபடி ஓட்டலுக்கே பெய்யிருதோம்."

எனக்குச் சுருக்கென்றது. தங்கையைத் தன் வீட்டில் தங்கவைக்கத்தான் இந்த மனிதர் இவ்வளவு பாடும் பட்டார். இப்போது அந்த பாத்ரூமே அவளை வெளியே அனுப்பப் பார்க்கிறது. உறங்கிக்கொண்டிருந்தவரின் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தேன். கதவைத் திறந்து காட்டினேன்.

ஜெசிந்தா க்ளோசெட்டுக்குள் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. திரும்பி ஹாலில் இருந்த மலையைப் பார்த்தாள். சத்தம் கேட்டு எழுந்து வந்து நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

"உள்ளதச் செல்லப்பிடாதா அண்ணே?" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவளை நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது எதனால் என்று நான் ஆராயவில்லை.

எனக்கு ஒன்று புரிந்தது. நம் ஆண்களுக்குக் கஞ்சன் என்ற பெயர் வாங்கச் சம்மதம், பாசமில்லாதவன் என்ற பெயர் வாங்கவும் சம்மதம்... மண்டன், அதாவது முட்டாள், என்ற பெயர் மட்டும் வாங்கக் கூடாது. அதற்காக ஒரு உறவையே பூட்டி வைப்பார்கள்.

ஓட்டல் ரூம் கேன்சல். பிள்ளைகள் பழைய டாய்லெட்டை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, யார் அதிக நேரம் உட்காருவது என்று போட்டி போட்டார்கள். லீவு முடியும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். சேவியர் சுத்தியலோடு வந்ததே அவர்கள் விமானம் ஏறிய பிறகுதான். யாருக்காகக் கட்டியதோ, அவள் ஒரு நாள்கூட அதைப் பயன்படுத்தவில்லை.

சொல்ல மறந்துவிட்டேனே — குடில் போட்டியில் எங்கள் மலைக்கு ஆறுதல் பரிசு. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்.

ஊருக்குக் கிளம்புமுன் ஜெசிந்தா அதன் மேல் மார்க்கரால் பெரிதாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்: "அண்ணே, சிமென்ட் கரச்சா இதைத் தென்னமரத்து மூட்டுல கழுவு. அடுத்த வருசமும் இங்கதான் தங்குவோம்."