பதினாறு பேருக்கு ஒரு கட்டை

சுவிட்ச் கம்பெனியின் இரண்டாவது வரிசையில் பதினாறு பெண்கள். பதினாறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டை. உள்ளங்கை அகலம், சிவப்புப் பெயிண்ட், நுனியில் ஒரு துளை. சூப்பர்வைசரின் கண்ணாடி அறை வாசலில் ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, நோட்டில் நேரம் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஆறு நிமிடத்தில் திரும்பிக் கட்டையை மாட்ட வேண்டும். அதன் பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம்.

மனித உடம்பு நோட்டைப் பார்த்து இயங்குவதில்லை. அதனால் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த வழியைக் கடைப்பிடித்தார்கள்: தண்ணீரே குடிப்பதில்லை.

ஏழாவது இடத்தில் ஸ்பிரிங் மாட்டுகிறவளுக்கு ஏனக்கா என்று பெயர். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பாள், அதனால் வந்த பெயர். ஒன்பது வருடமாக அதே நாற்காலி.

"தண்ணி குடிக்கிறீங்களா, இல்லையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வீட்டுக்குப் போய்க் குடிப்பேன் டாக்டர்."

"ஒரே வருஷத்துல மூணாவது தடவை நீர்க்கடுப்புன்னு வந்திருக்கீங்க. இப்படியே போனா கிட்னி தாங்காது. வேலை செய்யற நேரத்துலயே ரெண்டு லிட்டர் உள்ள போகணும்."

ஏனக்கா சூப்பர்வைசரிடம் போய் இன்னொரு கட்டை கேட்டாள்.

"ஒருத்தி எழுந்தாலே ஆறு நிமிஷம் வரிசை நிக்குது, இன்னொரு கட்டை வந்தா நாள் பூரா நின்னுடும்மா. வரிசை நின்னா என் தலைதான் உருளும்."

"ஏன் சார் நிக்குது?"

"ஆரம்பிச்சுட்டியா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒருத்தி வேலையை முடித்து, இருபது சுவிட்ச் அடுக்கிய தட்டை வலப்பக்கம் தள்ளினால்தான் அடுத்தவளுக்கு வேலை. நடுவில் ஒருத்தி எழுந்தால் அவளுக்கு வலப்பக்கம் இருப்பவர்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கடைசி ஆள் ஒவ்வொரு சுவிட்சையும் பஸ்ஸரில் வைத்துச் சோதிப்பாள்; சுவிட்ச் சரியாக இருந்தால் அது ஒலிக்கும். பஸ்ஸர் நின்றால் வரிசை நின்றது என்று அர்த்தம். சூப்பர்வைசர் தலையைத் தூக்கிப் பார்ப்பதை விட்டுப் பல வருடம் ஆயிற்று. காதுதான் அவருக்குக் கண்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், ஏனக்கா பாத்திரம் கழுவும்போது கரண்ட் போனது. கீழே மோட்டார் நின்றது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கையில் நார் சொட்டச் சொட்ட அப்படியே நின்றாள்.

"என்ன, குழாயையே முறைச்சுட்டு நிக்கிற?" என்றார் வேன் ஓட்டும் கணவர்.

"மோட்டார் நின்னுடுச்சே. தண்ணி ஏன் வருது?"

"மேல தொட்டி இருக்கு, வருது. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

கேள்வி அதுதான். அன்று சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து பேரையும் கூட்டி உட்காரவைத்தாள். ஆளுக்கு இரண்டு தட்டு வேலையைக் கூடுதலாக முடித்து, அடுத்தவள் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அதுதான் தொட்டி. எழுந்து போனால் அடுத்தவள் அதிலிருந்து எடுத்துக்கொள்வாள். திரும்பி வந்ததும், தட்டுக்காகக் காத்திருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் தொட்டியை நிரப்பிவிடலாம்.

"உங்களுக்கு இடைவெளி இருக்கு. எனக்கு மூச்சு விடவே நேரமில்ல, நான் எந்தத் தொட்டியை ரொப்ப?" என்றாள் பதினோராவது இடத்தில் திருகு முடுக்குகிறவள். அந்த வரிசையிலேயே நீளமான வேலை அவளுடையது.

தங்கள் இடைவெளியில் அவளுக்குக் கைகொடுக்கப் பத்தாவது ஆளும் பன்னிரண்டாவது ஆளும் திருகு முடுக்கக் கற்றுக்கொண்டார்கள். கடைசி ஆள் போகும்போது பஸ்ஸரைப் பார்த்துக்கொள்ளப் பதினைந்தாவது ஆள் கற்றுக்கொண்டாள். மூன்று நாளில் கை பழகிவிட்டது. அன்றிலிருந்து கட்டை ஆணியிலேயே தொங்கியது. மேசைக்கு அடியில் தண்ணீர் பாட்டில்கள் முளைத்தன. பஸ்ஸர் நிற்கவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் நோட்டைத் திறந்த சூப்பர்வைசர் திகைத்துப் போனார். பதினோரு நாளாக ஒரு வரிகூட இல்லை. மேனேஜரிடம் ஓடினார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: யாரோ கள்ளக் கட்டை செய்து வைத்திருக்கிறார்கள்.

படித்தவர்கள்தான் இருவரும். ஆனால் கட்டை இல்லாமல் ஒரு பெண் கழிப்பறைக்குப் போக முடியும் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவில்லை. கூலிக்கு வந்தவள் திருடுவாள் என்று நம்புவது எளிது. யோசிப்பாள் என்று நம்புவதுதான் கஷ்டம்.

பைகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து பார்த்தார்கள். கம்பெனி தச்சரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"இது பேக்கிங் பெட்டியோட உடைஞ்ச பலகை சார். இதைப் போய் யாராவது காப்பி அடிப்பாங்களா?" என்றார் தச்சர்.

மேனேஜர் வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். "யாருன்னு சொல்லலைன்னா நாளையிலேர்ந்து பதினாறு பேரும் வர வேண்டாம்."

ஏனக்கா கையிலிருந்த ஸ்பிரிங்கைக் கீழே வைத்தாள். மகளின் படிப்பு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. வேன் வருமானம் வாடகைக்கே போதாது. எழுந்தாள்.

"கள்ளக் கட்டையெல்லாம் இல்ல சார். கட்டையே இல்லாமதான் போறோம். நான்தான் ஆரம்பிச்சேன்."

"அப்ப நீ கிளம்பு."

"கிளம்பறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்களே பாத்துடுங்க. இப்ப நான் கழிப்பறைக்குப் போறேன். ஆறு நிமிஷத்துல பஸ்ஸர் நின்னா, அப்படியே வெளிய போயிடறேன்."

கழிப்பறைக் கதவைச் சாத்திச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு வந்த அவசரம் வேறு. பஸ்ஸர் ஒலித்தது. மறுபடி ஒலித்தது. ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபத்து மூன்றுக்குப் பிறகு சத்தம் இல்லை. கையிலிருந்த கைக்குட்டையைக் கசக்கிப் பிழிந்தாள். அவ்வளவுதான், போயிற்று என்று தாழ்ப்பாளில் கை வைத்தாள். இருபத்து நான்கு. பிறகு கடகடவென்று இருபத்தைந்து, இருபத்தாறு. கடைசி இடத்துக்காரி பதற்றத்தில் ஒரு சுவிட்சைக் கீழே போட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

ஆறு நிமிடம் முடிந்து கதவைத் திறந்தால், எதிரே திருகுக்காரி.

"நீ ஏண்டி வந்த?"

"சத்தியமா வந்துடுச்சு அக்கா. பயத்துல."

இரண்டு பேர் இல்லாமலும் பஸ்ஸர் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஏனக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

மேனேஜர் கடிகாரத்தையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். பதினோரு நாள் உற்பத்தி விவரத்தை வரவழைத்துப் படித்தார். கூடியிருந்தது.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"இப்ப நீங்களும் ஏன்னு கேக்கறீங்க சார். போய் உக்காரட்டுமா?"

"உக்காரு" என்றார்.

அடுத்த வாரம் நான்கு வரிசைக்கும் அதே முறை என்று பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். 'திட்டத்தை உருவாக்கியவர்: சூப்பர்வைசர்.' ஏனக்கா கண்ணாடி அறைக்குப் போய்த் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். சாயங்காலம் அந்தப் பெயர் பேனாவால் அடிக்கப்பட்டு, 'இரண்டாவது வரிசைப் பெண்கள்' என்று மாறியிருந்தது. கையெழுத்து சூப்பர்வைசருடையதுதான்.

தச்சர் கட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து ஏனக்காவிடமே கொடுத்தார். வரிசைக் கோடியில் இருந்த குடிதண்ணீர் டிரம்முக்கு அடியில், பின்பக்கமாக அதைச் செருகினாள். டிரம் முன்பக்கம் சாய்ந்தது. அடியில் தங்கியிருந்த தண்ணீரும் குழாயில் வந்தது. ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். பிறகு இன்னொரு டம்ளர்.