இடது பொத்தான்

அந்த ரப்பர் பட்டையை என் விரல்கள் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய சைக்கிள் டியூபில் வெட்டியது. ஒரு சாண் நீளம். தூக்கத்தில்கூடக் கட்டைவிரல் முடிச்சுப் போடும், எதிர்த் திசையில் அசையாது.

நான் வேலை பார்த்த பிரஸ் மெஷினுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். அப்போதுதான் எந்தக் கையும் அச்சுக்கடியில் இருக்காது. யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. அதை நாங்கள் ஏமாற்றினோம். இடது பொத்தானை ரப்பரால் இறுக்கிக் கட்டிவிட்டால் வலது கை மட்டும் அழுத்தும், இடது கை தகடு தள்ளும், டார்கெட் சீக்கிரம் முடியும். போகும்போது அவிழ்த்துவிட வேண்டும். எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் அது.

எண்பதுகளின் நடுவில், ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பிற்பகல். சங்கு ஊதியது. பேரிகைப் பக்கம் போகும் கம்பெனி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஓடி ஏறினேன். பஸ் கேட்டைத் தாண்டும்போது அவிழ்க்காத ரப்பர் நினைவுக்கு வந்தது. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அடுத்து வருகிறவன் பார்த்துக்கொள்வான் என்று ஜன்னலில் சாய்ந்துகொண்டேன். வெளியே யாரோ கொத்தமல்லிக் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பச்சை வாசனை வந்தால் இன்றும் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன்.

அடுத்த ஷிப்டுக்கு வந்தவன் தளி ஊரைச் சேர்ந்தவன், எங்களுக்குத் தளிக்காரன். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ். என்னைவிட இளையவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆலயத்தின் முன்வரிசையில் நின்று தொண்டை நரம்பு புடைக்கப் பாடுகிறவன். முதல் தகட்டை வைத்தபோதே வலது கை பொத்தானில் பட்டிருக்கிறது. இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிஞ்சின.

மறுநாள் காலை சூப்பர்வைசர் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார்.

"தம்பி, அது நீ கட்டுனதா?"

நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாத. நான் கேக்கவே இல்லன்னு வச்சுக்க. ரப்பர அறுத்து எடுத்துட்டேன். அவனே கட்டிக்கிட்டான்னு எழுதியாச்சு. இனி நீயும் எதுக்கு மாட்டிக்கணும்?"

வாயை மூடினேன். நான்கு வருடம் மூடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவனுக்கு அந்த நாளே நினைவில் இல்லை. அவனும் முன்பெல்லாம் கட்டியவன்தான். எல்லோரும் சொன்னதை அவனும் நம்பிவிட்டான். அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கையைப் பேன்ட் பையில் ஒளித்து நடக்கப் பழகினான். பாட்டு நின்றது. ஆலயத்தில் ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் வந்து, கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தான். நான் ஏற்கெனவே அங்கேதான் ஒளிந்திருந்தேன்.

எங்கள் ஆராதனையில் திருவிருந்துக்கு முன் சமாதானம் கொடுப்போம். ஐயர், அதாவது எங்கள் போதகர், முன்னால் நிற்பவருக்குக் கொடுப்பார். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை, மேலே இடது கையால் மூடி, "சமாதானம்" என்று மெல்லிய குரலில். வாங்கியவர் அடுத்தவருக்கு. அப்படியே கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசைவரை வரும். அது வருவதற்குள் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். திருவிருந்து அப்பத்துக்கும் கை நீட்டியதில்லை.

ஒருநாள் ஐயர் வாசலில் பிடித்துக்கொண்டார். "ஏப்பா, சமாதானம் வர்ற நேரம் பாத்துக் கரெக்டா உனக்குத் தாகம் எடுக்குது?"

சிரிக்கத்தான் போனேன். அழுகை வந்தது. அங்கி மாற்றும் சின்ன அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபிப்பார் என்று தலை குனிந்தேன். ஜெபிக்கவில்லை.

"எங்கிட்ட சொல்லிட்ட. ஆண்டவர்கிட்டயும் அழுதிருப்ப. கை போனவன்கிட்ட சொன்னியா?"

"எப்படிங்கய்யா சொல்றது?"

"எனக்கும் தெரியல. ஆனா அடுத்த வாரம் தண்ணி குடிக்கப் போவாத."

போகவில்லை. தளிக்காரன் என் பக்கம் திரும்பினான். வலது கைகள் சேர்ந்தன. தயங்கித் தயங்கிப் பையிலிருந்து இடது கையை எடுத்து மேலே வைத்தான். என் புறங்கையில் இரண்டு விரல்களின் சூடு. மீதி மூன்றின் இடத்தில் குளிர்.

ஆராதனை முடிந்து தைல மரத்தடியில் அவனிடம் சொன்னேன். பஸ் கேட்டைத் தாண்டும்போது நினைவு வந்ததையும் சேர்த்து.

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"அப்ப நா கட்டலயா?"

"நீ கட்டல."

"நெஜமா நா கட்டலயாண்ணா?" கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவசரக்காரனுக்குப் பொண்ணக் குடுத்துட்டேன்னு மாமனாரு ஊரெல்லாம் சொல்றாரு. சோறு போடறப்பகூட எம் பொண்டாட்டி இந்தக் கையப் பாக்க மாட்டா. தளிக்கு வாங்க. அவங்க முன்னால சொல்லுங்க."

அன்றைக்கே பஸ் ஏறினோம். ஒரே சீட்டில். நான் தமிழில் சொன்னதை அவனே மாமனாருக்குக் கன்னடத்தில் சொன்னான். ஒரு சொல் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. எனக்கும் கன்னடம் புரியும். என் குற்றத்தை அவன் வாயால் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"ஈக யாக்கே பந்தே?" என்றார் பெரியவர். இப்போது எதற்கு வந்தாய் என்று. அவன் மனைவி அருகில் வந்து, அந்த இடது கையை எடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரும் தரவில்லை. சரிதான்.

கம்பெனியிலும் போய்ச் சொன்னேன். ஒரு மாதம் வெளியே நிறுத்தினார்கள். எழுதியதை மாற்ற முடியாது என்றார்கள்.

திரும்பி வந்த பிறகு, ஒவ்வொரு நாளும் சங்கு ஊதியதும் ஒவ்வொரு மெஷினாகப் போய் இடது பொத்தானைத் தொட்டுப் பார்த்தேன். கம்பெனி பஸ் போய்விடும். டவுன் பஸ்ஸுக்கு நிற்பேன். "பட்டன் பாதிரி வர்றாருடா, அவுத்துடுங்க, இல்லன்னா ஞானஸ்நானம் குடுத்துருவாரு" என்பார்கள் பையன்கள். சிரித்துக்கொண்டேதான் அவிழ்த்தார்கள். ஆனால் அவிழ்த்தார்கள். அந்த வேலையில் இருந்த கடைசி நாள்வரை தொட்டேன். ஆண்டவர் என் வெட்கத்தை எடுத்துப்போட்டார் என்று சபையில் எழுந்து சாட்சி சொல்ல என்னால் ஆகாது. எடுக்கவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தார். வெறுமனே உட்கார்ந்திருந்தால் அது என்னைத் தின்று தீர்த்திருக்கும்.

தளிக்காரன் மறுபடி பாடுகிறான், பழைய முன்வரிசையில். ஒரு ஞாயிறு என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். அன்றிலிருந்து அதுதான் என் இடம். மன்னித்தேன் என்று அவன் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. வாராவாரம் அந்த இரண்டு விரல்கள் என் கைமேல் வந்து இறங்கும்.

"சமாதானம்ணா."

மூன்று விரல் அகலத்துக்குக் குளிர். அந்தக் கையோடு திரும்பி, அடுத்து நிற்பவருக்குக் கொடுக்கிறேன்.