ஈசாக்கின் மகள் டாக்டர்

ரெஜிலா டாக்டரானது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சபை மைக்கில். "மகள் டாக்டர் படிப்பு முடித்ததற்காக ஈசாக் குடும்பத்தார் ஸ்தோத்திர காணிக்கை" என்று செயலாளர் வாசித்தார். அவள் படித்தது பிசிஷியன் அசிஸ்டென்ட், டாக்டருக்கு உதவியாள் படிப்பு. காணிக்கைச் சீட்டை எழுதிக் கொடுத்தது அப்பா ஈசாக். சபையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்கு ருசித்துவிட்டது, திருத்த மனம் வரவில்லை.

நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. சர்ஜன் வார்டு சுற்றும்போது ஃபைல்களோடு பின்னால் ஓட வேண்டும், ஆபரேஷன் தியேட்டரில் சதையை விலக்கிப் பிடிக்க வேண்டும். மருந்துச் சீட்டில் அவள் கையெழுத்து செல்லாது. இதில் மேலே போக வழி உண்டா என்று ஒருமுறை கேட்டாள். "மேல போக லிஃப்ட் உண்டல்லோ" என்றார் சர்ஜன். நர்சுகளும் சிரித்தார்கள்.

அமரவிளையில் பக்கத்து வீட்டுப் பொன்னப்பன் ரப்பர் வெட்டுகிறவர், சர்க்கரை நோயும் உண்டு. தோட்டத்தில் ரப்பர் பால் ஏந்தும் தேங்காய்ச் சிரட்டை உடைந்து குதிகாலில் ஏறியதும் நேராக அவளிடம்தான் வந்தார். "டாக்டர் பக்கத்து வீட்டில இருக்கும்போ நான் எதுக்கு மக்கா ஆஸ்பத்திரிக்குப் போவணும்?"

ரெஜிலா புண்ணைக் கழுவிக் கட்டினாள். மறுநாளும் கட்டினாள். விளிம்பு கறுத்தபோது, வாடை வந்தபோது, சர்ஜனிடம் கூட்டிப் போக வேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அங்கே வந்தால் அவள் ஃபைல் தூக்கி ஓடுவதைப் பொன்னப்பன் பார்ப்பார். சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிடும். "கொறயும் மாமா" என்றாள்.

காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியவரை மனைவி குமாரிதான் ஆட்டோவில் அள்ளிப்போட்டு ரெஜிலா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள். முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். தியேட்டருக்குள் தள்ளிவந்தபோது, பச்சை உடுப்பில் ரெஜிலாவைப் பார்த்த பொன்னப்பன் கும்பிட்டார். பிறகு மயங்கினார்.

"இதை வீட்டில வச்சுக் கட்டிக்கிட்டு இருந்த முட்டாள் யாரு?" என்று சர்ஜன் கேட்டார்.

"தெரியல்ல சார்" என்றாள் ரெஜிலா. காலைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான். வெட்டி முடித்ததும் அதன் கனம் முழுவதும் அவள் கைக்கு வந்தது.

பொன்னப்பன் வீடு திரும்பியதும், போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமை பேசினார். "எனக்க காலை எடுத்தது நம்ம ரெஜிலாவாக்கும். வேற எவனாவது எடுத்திருந்தா உயிரும் போயிருக்கும்." ரப்பர் வெட்ட இப்போது குமாரி போகிறாள்.

மழைக்காலம் வந்ததும் ஒரு காலையில் அவர் ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றார். மற்றக் கால் பெருவிரலில் ஒரு கொப்புளம்.

"மாமா, நான் டாக்டரே இல்ல. அந்தக் கால் போனது என்னாலயாக்கும். இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள் ரெஜிலா, அழுதபடி.

பொன்னப்பன் சிரித்தார். "டாக்டர்மாருக்கு இத்தற தாழ்மை ஆவாது மக்கா."

உள்ளேயிருந்து ஈசாக் குரல் கொடுத்தார். "அவ சும்மா சொல்லுகா. எலே பொன்னப்பா, இரி. மோளே, பாரு."

பொன்னப்பன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த காலை அவள் முன்னால் நீட்டினார்.