பழையது வந்தால்தான் புதியது

வீட்டில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். சின்ன வயதில் கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அக்கா கேலியாக வைத்த பெயர் கூடவே வளர்ந்து ஆஸ்பத்திரி வரை போய்விட்டது. அங்கே வலி மருந்து அலமாரியின் சாவி அவளிடம்தான்.

அவள் நர்ஸ். குணமாக வழியில்லாத நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது அவள் வேலை. அவள் தோளில் தொங்கும் பை, தையல்காரியான அக்கா தைத்துக் கொடுத்தது. அதன் உள்ஜிப்பில் வலி மருந்து பேட்ச் இருக்கும். மெல்லிய கண்ணாடித் தாள் போன்ற அதைத் தோலில் ஒட்டிவிட்டால், மூன்று நாளைக்கு மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இறங்கும். ஆய்வுக்கூடத்தில் செய்கிற கடும் மருந்து அது. உரியவருக்கு நிம்மதி தரும், கை மாறினால் உயிரை எடுக்கும். உரித்தெடுத்த பேட்சிலும் மருந்து மிச்சம் இருக்கும். அதனால் அவள் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள்: பழையது கைக்கு வந்தால்தான் புதியது. ஒட்டும்போதே அதன்மேல் பேனாவால் தேதி போடுவாள். உரித்ததை மடித்து, டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்து வந்துவிடுவாள்.

அந்த நேரத்தில் இதே இன மருந்தை யாரோ கள்ளத்தனமாகக் கலந்து மாத்திரையாக விற்க, அதைத் தின்ற இளவட்டங்கள் மூச்சு நின்று செத்தார்கள். அரசாங்கம் ஒரு சட்ட மசோதா கொண்டுவந்தது. விற்பவனுக்குக் கடுந்தண்டனை. அதில் பூட்டுக்கு முழுச் சம்மதம். ஆனால் ஒரு பிரிவு, இந்த மருந்து எந்த வடிவத்திலும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது என்றது.

அது நிறைவேறினால் முதலில் அடிபடுவது கண்டக்டர். பஸ்ஸில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். இப்போது எலும்பில் புற்றுநோய். எது நடந்தாலும் ஜன்னலோரத்துக் கட்டிலில், பெண்டாட்டி பக்கத்தில் நடக்கட்டும் என்று முடிவு கட்டியிருந்தார்.

"வாங்கம்மா, டிக்கெட் கொண்டு வந்தீங்களா?" பேட்சுக்கு அவர் வைத்த பெயர் அது.

"முதல்ல பழைய டிக்கெட்டைக் காட்டுங்க ஐயா."

"ஊரையெல்லாம் நான் கேட்டதை இப்ப என்கிட்டயே கேக்கறீங்க."

மசோதாவைப் பற்றிக் கருத்துக் கேட்க அமைத்த குழு, ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டது. "வீடு வீடா ஏறி இறங்கறது நீங்கதான். நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று டாக்டர் கைகாட்டிவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கண்டக்டர் வீட்டுக்குப் போனால், மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

"நேத்திலேருந்து மருந்து கேக்கலைம்மா."

அவர் மனைவி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். "எனக்கு என்னவோ ஒரே தூக்கமா வருது. கண்ணைத் திறக்க முடியல."

"என் தூக்கத்தையும் சேத்து இவளே தூங்கறா" என்றார் கண்டக்டர், வலியோடு.

பூட்டு அவர் சட்டையை விலக்கினாள். பேட்சைக் காணோம். தலையணைக்கு அடியில் இல்லை, போர்வை மடிப்பில் இல்லை. சட்டென்று திரும்பி அந்த அம்மாளின் கையைத் தூக்கிப் பார்த்தாள். மேற்கையின் பின்பக்கம், பூட்டே எழுதிய தேதியோடு பேட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே கட்டில். புரண்டு படுத்ததில் இவரை விட்டு அவளிடம் போயிருக்கிறது.

பூட்டு அதை உரித்தாள், மடித்தாள், அந்த அம்மாளின் மூச்சைக் கவனித்தபடியே ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். அது வருவதற்குள் கண்டக்டருக்குப் புதியதை ஒட்டினாள். சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, ஆபத்தில்லை என்றார் டாக்டர்.

சேதி கேட்ட அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். "நாளைக்கு இதைப் போய் அங்க உளறி வைக்காதே. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"மறைச்சு ஜெயிச்சா, அடுத்தது வேற ஒரு வீட்ல நடக்கும்க்கா. அந்த வீட்ல தேடிப் பாக்க ஆள் இருக்குமோ இருக்காதோ."

அக்கா கையை நீட்டினாள். "பையைக் குடு, ஓரத்துல தையல் விட்டிருக்கு" என்றாள்.

மறுநாள் குழுவின் நீளமான மேஜைக்கு முன்னால் நின்று, வீட்டு நோயாளிகளுக்காக யோசித்து வைத்ததையெல்லாம் பூட்டு சொல்லி முடித்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். "இன்னொண்ணும் இருக்குங்க" என்று ஆரம்பித்து, முந்தின நாள் நடந்ததையும் சொன்னாள்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "வீட்ல இருந்ததாலதானேம்மா இப்படி ஆச்சு? எங்க பிரிவு சரின்னு நீங்களே சொல்ற மாதிரி இருக்கே."

கடைசி வரிசையில், கூட வந்திருந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க, வீட்ல இருந்ததாலதான் ஆச்சு. பழசு எங்கேன்னு தேடினதாலதான் அந்த அம்மா பிழைச்சாங்க. எங்க கையைக் கட்டுங்க, வேண்டாங்கல. பழசு வந்தாத்தான் புதுசுன்னு சட்டத்துலயே போடுங்க. அவர் வீட்டுக் கதவை மட்டும் சாத்திடாதீங்க."

"நீங்க தேடாம விட்டிருந்தா?"

"அவங்க இருந்திருக்க மாட்டாங்க. அதனாலதான் சட்டத்துல போடச் சொல்றேன்."

தலைவி எதையோ குறித்துக்கொண்டார். நன்றி என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியில் அக்கா பையைத் தங்கையிடமிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

சில வாரம் கழித்துத் திருத்திய மசோதா வந்தது. நர்ஸ் கையால் வீட்டில் ஒட்டலாம், பழையதை வாங்கிக்கொண்டுதான் புதியது தர வேண்டும் என்று இருந்தது. ஓட்டெடுப்பு இன்னும் பாக்கி.

"அப்ப நான் இங்கேயே இருக்கலாமா?" என்றார் கண்டக்டர்.

"இப்போதைக்கு இறங்க வேண்டாம் ஐயா. பழைய டிக்கெட்?"

அவர் சட்டையை விலக்கிக் காட்டினார். சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்து, கேட்காமலேயே இரண்டு கையையும் நீட்டினாள்.

"செக்கிங்னா எல்லாரையும்தான் பாக்கணும்" என்றார் கண்டக்டர்.

பூட்டு அந்த இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் பையின் ஜிப்பைத் திறந்தாள்.