முழு வாக்கியத்தில் ஓர் ஆரஞ்சு

அமெரிக்காவில், சான் ஹோசேயில் எந்த மென்பொருள் கோளாறையும் பிடித்துவிடும் பிச்சுமணிக்குப் பிடிபடாத ஒரே ஆள், மகன் சுஹாஸ். இவர் தமிழில் கேட்பார், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். பதில் என்றால் பெரும்பாலும் "ஃபைன்" தான். அதோடு கதவு சாத்திக்கொள்ளும்.

அந்தப் பிள்ளை ஸ்பானிஷில் கோட்டை விட்டான். இரண்டாம் வருஷ ஸ்பானிஷில் 'சி'யாவது வாங்காவிட்டால், அவன் ஆசைப்பட்ட காலேஜ் அப்ளிகேஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு. வீட்டில் யாரோடாவது பேசிப் பழகச் சொல்லிவிட்டார் டீச்சர்.

"ஸ்பானிஷ் தெரிஞ்சவா யாரும் இல்லேன்னா என்ன? நானே கத்துக்கறேன்," என்றார் பிச்சுமணி.

மனைவி மீனாக்ஷி தலையில் அடித்துக்கொண்டாள். மனுஷர் கேட்கவில்லை. குளிக்கும்போது வினைச்சொல், ஃப்ரீவேயில் பழங்களின் பெயர் என்று கர்மசிரத்தையாக இறங்கிவிட்டார். பழங்களைத் தாண்டி அவருக்கு அதிகம் ஏறவில்லை.

ஸ்பானிஷ் பாடப் புத்தகத்தில் உள்ள கேள்விகளைத்தான் கேட்க வேண்டும், முழு வாக்கியத்தில்தான் பதில் வேண்டும் என்பது டீச்சரின் விதி. "ஃபைன்" செல்லாது. மார்க் எத்தனை என்ற கேள்வியோ அந்தப் புத்தகத்திலேயே இல்லை. உன் நண்பன் யார், உனக்கு எது பிடிக்கும் என்று ஒரே வெட்டிக் கேள்விகள். பிச்சுமணி ஜென்மத்தில் கேட்டிராதவை.

ஒருநாள் சுஹாஸ் தட்டுத்தடுமாறி ஸ்பானிஷில் சொன்னான்: "க்ரிஷ் என் நண்பன். இப்போது நண்பன் இல்லை. எனக்கு வருத்தம்."

பிச்சுமணிக்கு அவனை எப்படியாவது தேற்ற வேண்டும். கைவசம் இருந்த ஸ்பானிஷ் மொத்தத்தையும் திரட்டினார்.

"எனக்கும் வருத்தம். நீ ஆரஞ்சு சாப்பிடுகிறாயா?"

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். சாப்பிடவும் செய்தான். அதன்பிறகு தினமும் பேச்சுதான். மீனாக்ஷிக்குச் சந்தேகம்.

"என்னைப் பத்தித்தானே பேசிக்கறேள்?"

ரிசல்ட் வந்தது. 'பி'! மீனாக்ஷி கேசரி கிளறினாள். பிச்சுமணி மட்டும் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மூணாவது வருஷ ஸ்பானிஷும் எடுத்துடேன்டா."

"இட்ஸ் நாட் ரிக்வயர்ட், அப்பா."

"காலேஜ் கேக்கலைடா. நான்தான் கேக்கறேன்."

சுஹாஸ் மேஜைமேல் இருந்த ஆரஞ்சை உரித்து, பாதியை நீட்டி, முழு வாக்கியத்தில் ஸ்பானிஷில் கேட்டான்: "நீங்கள் ஆரஞ்சு சாப்பிடுகிறீர்களா?"

பிச்சுமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

"கேசரி ஆறிண்டிருக்கு," என்று கத்தினாள் மீனாக்ஷி, "இப்போ ரெண்டு பேருக்கும் ஆரஞ்சு கேக்கறதா?"