பெயர் மாறிய நெட்வொர்க் கார்டு

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், லேபிள் அடிக்கிற லினக்ஸ் கணினியை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் அப்கிரேடு செய்தேன். திங்கள் காலை அது சர்வரோடு பேசவில்லை. லேபிள் இல்லாத பெட்டி லாரியில் ஏறாது, பிள்ளைகளே. லைனே நின்றது.

"ஐ.டி.ஐ. படிச்சவன் கைல கம்ப்யூட்டர குடுத்தா இப்படித்தான் ஆவும்," என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னும் கத்தினார். "பத்து நிமிசத்துல ஓடல, நாளைலேர்ந்து வராத."

கேபிள் சரியாகத்தான் இருந்தது. அப்கிரேடு நெட்வொர்க் கார்டுக்குப் புதுப் பெயர் வைத்திருந்தது. செட்டிங் ஃபைல் பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் வேறு பெயரில் அட்டெண்டன்ஸ் எடுத்தால் நீங்கள் எழுந்து நிற்பீர்களா? அவசரத்தில் புதுப் பெயரில் ஒரு கமாண்ட் மட்டும் கொடுத்தேன். லேபிள் வந்தது.

"எதுக்கும் ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருவோம்," என்று சூப்பர்வைசர் சுவிட்சை அமுக்கினார். எங்கள் கம்பெனியில் எந்த மிஷின் சரியானாலும் அதைத்தான் செய்வார்கள். ஃபைலில் எழுதாததால் கணினி என் கமாண்டை மறந்துவிட்டது. லைன் மறுபடி நின்றது.

"இன்னாடா, திரும்பப் புட்டுக்கிச்சா?"

"நீ கைய வெச்சா புட்டுக்காம இன்னா பண்ணும்? தள்ளி நில்லு சார்!" என்று நானும் கத்தினேன்.

இம்முறை ஃபைலிலேயே பெயரை மாற்றி, நானே அணைத்துப் போட்டுக் காட்டினேன். லேபிள் வந்தது, என் வேலையும் தப்பியது. நான் பேசியது மரியாதை இல்லை என்பாள் உங்கள் அம்மா. எனக்கு அதில் வருத்தமே இல்லை. முதலிலேயே ஃபைலில் எழுதாததுதான் என் தப்பு.