செவ்வாய்க்கிழமைக் காய்ச்சல்

எங்கள் மூத்த மகள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது அவளுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு நான் அப்படித்தான் சொல்லியனுப்புவேன். செவ்வாய் எங்கள் இறைப்பு முறை.

உரும்பிராயில் எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் தந்தது பங்குக் கிணறு. பங்குக்காரர் ஒவ்வொருவருக்கும் கிழமையில் ஒரு நாள். எழுபதுகளின் தொடக்கம் அது; துலா மிதித்து இறைப்பதை விட்டு மண்ணெண்ணெய் மிசினுக்கு மாறியிருந்தோம். மிசினடியில் என் கணவர் நிற்பார். வெங்காயப் பாத்தி ஒன்று நிறைந்ததும் அதன் வாயை அடைத்து அடுத்ததைத் திறந்துவிடுவது என் வேலை. கிணற்றுக்கும் பாத்திக்கும் இடையே நீண்ட மண் வாய்க்கால். அது என் கணவரின் தமையனுடைய தோட்டத்துக்கு ஊடாக வரும். எலிப்பொந்து ஒன்று திறந்தால் போதும், எங்கள் தண்ணீர் அவர்களுடைய மிளகாய்க்குப் போய்விடும். அதைப் பார்த்து நிற்க ஓர் ஆள் வேண்டும். மகள் நின்றாள். சும்மா நிற்பதுதானே என்று யாரும் அதை வேலையாகவே எண்ணவில்லை.

நானும் சின்ன வயதில் அப்படி நின்றவள்தான். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. யாரும் என்னை மறிக்கவில்லை. கிழமைக்கு ஒரு நாள் போகாமல், பிறகு கணக்கு விளங்காமல், விளங்காத இடத்தில் போய் இருக்க வெட்கப்பட்டு, அது தன்பாட்டில் நின்றுபோனது. மகளுக்கும் இதுதான் வரப்போகிறது என்று எனக்குப் பயம். அவள் கணக்குச் செய்யும்போது பென்சிலைக் கடித்தாலே நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். பயந்தேனே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு பின்னேரம் அவளுடைய வகுப்பு ரீச்சர் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார்.

"பிள்ளைக்கு எப்பிடிச் சுகம்?"

"இப்ப பரவாயில்லை ரீச்சர்."

"ஓம், இண்டைக்குப் புதன்தானே. பரவாயில்லாமல்தான் இருக்கும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ரீச்சர் சிரித்தார். "கோவிக்காதேங்கோ. என்ரை வகுப்பிலை திங்களிலை ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், செவ்வாயிலை வேறை ஒண்டுக்கு, புதனிலை இன்னொண்டுக்கு. உதென்ன புதுசா ஒரு வருத்தம் எண்டு யோசிச்சன். பிறகுதான் உங்கடை கிணத்து முறை விளங்கினது."

"பிள்ளையை நிப்பாட்டப் போறியளோ?"

"ஏன் நிப்பாட்ட? கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் செவ்வாயிலை படிப்பிக்கிறது ஒண்டும் அவளிட்டை இல்லை. உப்பிடியே போனால் அவள் தானாவே நிண்டிடுவாள்."

என் கதை தெரிந்து சொன்னதுபோல இருந்தது.

பெரிய வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டம் வைத்தார். பின்னேரம் நாலு மணி. நான் போனேன். பிள்ளைகளின் வாங்குப் பலகையில் முழங்கால் இடிக்க இருந்தேன். வந்தவர்கள் கொஞ்சப்பேர், எல்லாரும் ஒரு நாளும் தவறாமல் வரும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். பெரிய வாத்தியார் பெற்றாரின் கடமைகளைப் பற்றி அழகான தமிழில் பேசினார். கேட்கவேண்டிய ஆட்கள் அங்கே இல்லை.

"வராத ஆக்கள் எல்லாம் கிணத்தடியிலைதான் நிக்கினம் சேர்," என்றார் ரீச்சர்.

"அப்ப அங்கை போவம்," என்றார் அவர்.

எங்கள் முறை நாளிலேயே வந்தார்கள். பெரிய வாத்தியார் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரம்பில் வந்தார். கேள்விப்பட்டு மற்றப் பங்குக்காரரும் கூடிவிட்டார்கள். அவர் பேசத் தொடங்கினார். மிசின் இரைச்சலில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"வாத்தியார் தேவாரம் பாடுறாரோ?" என்று ஒருவர் கத்தினார்.

அப்போது என் கணவர் மிசினை நிற்பாட்டினார். முறைக்குள் மிசினை நிற்பாட்டுவது செத்தவீட்டுக்கு மட்டும்தான்.

"முறையைச் சனிக்கிழமைக்கு மாத்தேலாதோ?" என்று பெரிய வாத்தியார் கேட்டார்.

"சேர், முறை காணி உறுதியிலை எழுதினது," என்றார் என் கணவரின் தமையன். "இண்டைக்கு மாத்தினால் எங்கடை பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடத்திலை இல்லை, கோட்டிலை வழக்கோடைதான் நிப்பினம்." எல்லாரும் சிரித்தார்கள்.

ரீச்சர் விடவில்லை. "முறை அப்பிடியே இருக்கட்டும். நிக்கிற ஆளை மாத்துவம். ஒரு வீட்டின்ரை முறைக்கு மற்ற வீட்டுப் பெரியாள் ஒருத்தர் வாய்க்கால் பாக்கட்டும்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. "என்ரை தண்ணியை உவனை நம்பி விடச் சொல்லுறியளோ?" என்று ஒருவர் பக்கத்தில் நின்றவரைக் காட்டினார். "பிறகு உவன்ரை புகையிலை பச்சைப் பசேலெண்டு நிக்கும், என்ரை வெங்காயம் கருகும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. நாங்களும் தமையன் வீட்டோடு ஒரு வருடமாகக் கதை பேச்சில்லை. வேலி அடைக்கும்போது கதியால் கம்பை எல்லை தள்ளி நட்டதென்று வந்த சண்டை. தமையனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தச் சண்டைக்குப் பிறகு அதுவும் இல்லை. அவ வேலியோரம் நின்றா. அவவுடைய மகனும் எங்கள் மகளின் வகுப்புத்தான்.

அவ ரீச்சரைப் பார்த்துச் சொன்னா: "என்ரை பொடியனுக்கும் புதன்கிழமைக் காய்ச்சல்தானே. செவ்வாய்க்கு நான் நிக்கிறன். புதனுக்கு அவவை வந்து நிக்கச் சொல்லுங்கோ."

நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றேன். "நிக்கிறனாம் எண்டு சொல்லுங்கோ ரீச்சர்," என்றேன்.

ரீச்சர் இரண்டு பக்கமும் பார்த்தார். "ரெண்டு பேரும் நிக்கினமாம்," என்று பொதுவாகச் சொன்னார். என் கணவர் கயிற்றை இழுத்து மிசினை மறுபடி ஓடவிட்டார்.

அடுத்த செவ்வாய் மகள் வெள்ளைச் சட்டையோடு வரம்பால் நடந்து பள்ளிக்கூடம் போனாள். நான் பாத்தியில் நின்றேன். கண் பாத்தியில் இல்லை, வாய்க்காலில்தான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெலிந்தது. எனக்கு அப்படித்தான் பட்டது. பிறகு உண்மையாகவே மெலிந்தது. அவ்வளவுதான், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவ தங்கள் பக்கம் திறந்துவிட்டா, என் கணவர் இனிப் பிள்ளையைத்தான் பள்ளிக்கூடம் போகாமல் மறிப்பார், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

அக்கா முழங்கால் வரை சேற்றில், ஒரு காலை வாய்க்கால் கரைக்குள் செருகிக்கொண்டு நின்றா. பெரிய எலிப்பொந்து. கையால் சேற்றை அள்ளி அப்பிக்கொண்டிருந்தா.

"ஏன் ஓடி வாறாய்? உன்ரை தண்ணியை நான் குடிச்சுப் போடுவனே? நிண்டு பாக்காமல் அந்தக் கல்லை எடு!"

"இந்தாங்கோ அக்கா," என்றேன். எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் பழையபடி ஓடியது.

மறுநாள் அவர்களுடைய முறை. எங்கள் பக்கம் பிரிகிற வாயை அடைத்துவிட்டு அதற்குக் காவலாக நான் நின்றேன். எங்கள் வெங்காயத்துக்கு ஒரு சொட்டுக் கசிந்தாலும் அவ என்ன நினைப்பாவோ என்று, அடைத்த இடத்தை மிதித்து மிதித்துப் பள்ளமாக்கிவிட்டேன். என் சொந்தத் தண்ணீருக்குக் கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

இரண்டு வீடுகள் எங்களைப் பார்த்து அப்படிச் செய்தன. ஒரு வீடு கடைசி வரை சம்மதிக்கவில்லை; அந்தப் பிள்ளைக்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் மாறவில்லை. கதியால் சண்டையும் தீரவில்லை. கிணற்றடிக்கு வெளியே அக்காவும் நானும் பிறகும் கனகாலம் அதிகம் கதைக்கவில்லை.

மகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் சித்தியடையவில்லை. ஆறாம் வகுப்பில் கணக்கு அவளுக்குப் பரவாயில்லாமல் வந்தது. அந்த வருடம் முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தேன். என் படிப்பு நின்ற வகுப்பைத் தாண்டி அவள் முதல் நாள் ஏழாம் வகுப்புக்குப் போனாள். அன்று புதன்கிழமை. அக்காவின் வாய்க்காலடியில் நின்றேன்.